முதுமையின் முகமும் மைச்சிமிழும்

யோபு ஆகமத்தின் இறுதி அதிகாரத்தை வாசிப்போர் பெரும்பாலும் அவருக்குத் திரும்பக் கிடைத்த ஆடுகளையும் ஒட்டகங்களையும் எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். அவருக்குப் பின்னர்ப் பிறந்த பெண்மக்கள் மூவரைப் பற்றியும் அங்கே கூறப்பட்டுள்ளது. நாடெங்கும் அவர்களைப்போல் அழகியர் எவரும் இல்லை என்கிறார் நூலாசிரியர். மூவருள் இளையவளின் எபிரேயப் பெயருக்குக் கண்ணுக்கிடும் மை வைக்கும் கொம்பு என்று பொருள். நம் வழக்கில் சொன்னால் மைச்சிமிழ். உடலெங்கும் புண்ணாகிச் சாம்பலில் அமர்ந்திருந்த அந்த நீதிமான், துயர் நீங்கியபின் பெற்ற மகளுக்கு இட்ட பெயர் இது. அழகும் அதற்குத் துணைசெய்யும் சிறு பொருள்களும் இறைவனுக்குப் பகை என்று எண்ணுவோர் இப்பெயரைச் சற்றுச் சிந்திப்பார்களாக.

பங்குக் குரு ஒருவர் பவுடரையும் பொட்டையும் பற்றி எழுதுவதா என்று சிலர் புன்னகைக்கலாம். ஆயினும் ஐம்பது வயதைக் கடந்த தாய்மார் பலர் இருபுறமும் நெருக்குண்டு நிற்பதைக் காண்கிறோம். ஒருபுறம், “இந்த வயதில் உனக்கு என்ன சிங்காரம்?” என்று கேட்கும் வீட்டார். மறுபுறம், சுருக்கமும் நரையும் ஏதோ குற்றம் என்பதுபோல் பேசும் விளம்பரங்கள். முந்தையதற்கு அஞ்சியவள் தன்னைப் பேணுவதையே விட்டுவிடுகிறாள். பிந்தையதற்கு அஞ்சியவள் கண்டதையெல்லாம் வாங்கிப் பூசித் தன்னைக் கெடுத்துக்கொள்கிறாள். இரண்டிற்கும் இடையே நல்வழி ஒன்று உண்டு.

திருச்சபையின் அறிஞர்கள் இதனைச் சிறு பொருளெனத் தள்ளிவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமாஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில் பெண்களின் ஒப்பனையைத் தனி வினாவாகவே எடுத்து ஆராய்கிறார். தன்னிடம் இல்லாத அழகை உண்டெனக் காட்டி ஏமாற்றுவது வேறு; நோய் முதலியவற்றால் நேர்ந்த ஒரு குறையை மறைத்துக்கொள்வது வேறு; பின்னது தகும் என்பது அவர் தரும் தெளிவு. புனித பிரான்சிசு சலேசியார் 1609ஆம் ஆண்டில் வெளியிட்ட பக்தி வாழ்வு நூலில், வயது முதிர்ந்தோர் இளையோர்போல் தோன்ற முயல்வது நகைப்பிற்கே இடமாகும் என்கிறார். அதே அதிகாரத்தில், தூய்மையும் ஒழுங்குமாய்த் தோன்ற வேண்டியது கடமை என்றும் வற்புறுத்துகிறார். ஆண்டவரோ, நோன்பிருக்கும் நாளிலும் முகங்கழுவித் தலைக்கு எண்ணெய் தடவிக்கொள்ளுமாறு மலைப்பொழிவில் பணித்தார். வாடிய முகத்தைப் புண்ணியத்தின் அடையாளமாக அவர் ஏற்கவில்லை.

ஆகவே வயது வந்தபோது ஒப்பனையை விட்டொழிக்கவும் வேண்டாம். இருபது வயதில் செய்ததையே அறுபதிலும் செய்யவும் வேண்டாம். அதனை மாற்றிக்கொள்ள வேண்டும். எவ்வாறு என்பதைக் காண்போம்.

இளமையில் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் தாராளமாகச் சுரக்கின்றன. அந்தப் பிசுபிசுப்பை உறிஞ்சவே பவுடர் பயன்பட்டது. மாதவிடாய் நின்றபின் சுரப்புக் குறைந்து, தோல் வறண்டு மெலிகிறது. வறண்ட தோலில் பழைய அளவிலேயே பவுடர் பூசினால் அது சுருக்கங்களுக்குள் படிந்து, முகம் சாம்பல் பூத்ததுபோல் தோன்றும். மறைக்க எண்ணிய கோடுகளையே எடுத்துக்காட்டும். எனவே முகத்திற்குச் சோப்பைக் குறைத்து, கழுவிய ஈரம் முற்றும் உலருமுன் ஈரப்பதம் காக்கும் கிரீம் ஏதேனும் மெல்லியதாகத் தடவுக. பவுடர் தேவையெனில் மூக்கு, நெற்றி ஆகிய இடங்களில் மட்டும் சிறிது ஒற்றினால் போதும்.

நாற்பதுக்குமேல் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. கண்ணாடி அணியாமல் மங்கிய விளக்கொளியில் முகம் பார்ப்பவர், காதோரத்தில் திட்டாய் நிற்கும் பவுடரை அறியாமலே திருப்பலிக்கு வந்துவிடுகிறார். நிலைக்கண்ணாடியைச் சன்னலருகே மாற்றி வைத்தால் இக்குறை தீர்ந்தது.

கண்ணுக்கு மையிடுவோர் உள்ளிமையில் தீட்டுவதைக் குறைப்பது நலம். வயதில் இமை தளர்வதால் மை பரவிக் கண்ணடியில் கருமை படியும். பழைய மையில் கிருமிகள் சேரும். ஒருவர் மையை மற்றவர் பயன்படுத்தலாகாது. சுர்மா வகைகள் சிலவற்றில் ஈயம் இருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், மருத்துவர் இசைவு தரும்வரை மையைத் தொடவே வேண்டாம்.

ஸ்டிக்கர் பொட்டின் பசையிலுள்ள வேதிப்பொருளொன்று சிலருக்கு நெற்றித் தோலின் நிறமியை அழித்து வெண்புள்ளியை உண்டாக்குகிறது. அரிப்புத் தோன்றிய அன்றே அதனை நிறுத்துக. உறங்கப் போகுமுன் பொட்டை எடுத்துவிடுவது எவர்க்கும் நல்ல பழக்கமே.

தலைச்சாயம் குறித்து எச்சரிக்கை தேவை. கருஞ்சாயங்கள் பலவற்றில் பாரா ஃபினைலின் டையமைன் எனும் பொருள் கலந்துள்ளது. பல ஆண்டுகள் தீங்கின்றிப் பூசியவருக்கும் திடீரென்று ஒருநாள் ஒவ்வாமை தோன்றி, தலையெல்லாம் கொப்புளித்து முகம் வீங்கலாம். ஒவ்வொரு முறையும் காதின் பின்புறத்தில் சிறிது தடவி 2 நாள் பொறுத்துப் பார்த்தபின்னரே பூசவேண்டும். மகள் திருமணத்திற்கு முந்திய நாள் புதிய சாயத்தைச் சோதித்துப் பார்க்கும் நாளன்று. சாயப் பொட்டலம் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்; அதை விழுங்கினால் தொண்டை வீங்கி மூச்சு அடைபடும்; சிறுநீரகமும் பழுதாகும். இவையெல்லாம் வேண்டாமென்று நரையை நரையாகவே விட்டுச் சீராக வாரி முடிந்துகொள்பவளுக்கும் குறைவொன்றுமில்லை. நரைத்த தலையை மகிமையின் முடி என்றே நீதிமொழிகள் நூல் போற்றுகிறது.

இன்னும் கொடியது வெண்மை மோகம். 1975ஆம் ஆண்டு நம் நாட்டில் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி, 2020ஆம் ஆண்டில் குளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாற்றப்பட்டது. பெயர் மாறியது, கருமை குறையென்ற எண்ணம் நம் வீடுகளைவிட்டு மாறிற்றா? இந்த எண்ணத்தைப் பயன்படுத்தியே, செய்தவர் யாரென்று தெரியாத களிம்புகள் பல சந்தையில் நுழைகின்றன. அவை சிலவற்றில் பாதரசம் உள்ளது. கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில், வெண்மைக் களிம்பு பூசிவந்த சிலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றதை மருத்துவர்கள் கண்டறிந்த செய்தி 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. வேறு சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்துள்ளது. முதலில் முகம் பளிச்சிடும், பின்னர்த் தோல் மெலிந்து சிவக்கும், நிறுத்தினால் எரியும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு ஆணையிட்டுள்ளது. கன்னத்தில் மங்கு படர்ந்திருந்தால் வெயிலே அதனை மிகுவிக்கும். குடையும் முந்தானையும், இயன்றால் வெயில் தடுக்கும் கிரீமும், அதற்கு முதற்காப்பு.

மற்றொன்றும் சொல்லவேண்டும். முகம் சிலவேளை தூதுவனாகிறது. பிடரியில் கருமை தடித்துப் படர்ந்தால் அது அழுக்கன்று. சர்க்கரை நோய் வருவதற்கான அடையாளமாயிருக்கலாம். இமையருகே மஞ்சள் திட்டுக் கண்டால் இரத்தத்தில் கொழுப்பைச் சோதிக்கவேண்டும். மச்சம் திடீரென வளர்ந்தாலும், நிறம் மாறினாலும், இரத்தம் கசிந்தாலும் மருத்துவரிடம் விரையவேண்டும். இவற்றின்மேல் பவுடரைப் பூசி மறைப்பது, தூதுவனை வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும்.

இனி, மனத்தைப் பெரிதும் உறுத்தும் ஒன்று. கணவனை இழந்த சகோதரியிடம் அன்றே பொட்டையும் பூவையும் பறித்துக்கொள்ளும் வழக்கம் நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் ஒழியவில்லை. பேரப்பிள்ளையின் புதுநன்மை நாளில், சிறு பொட்டிட்டு வெளிர்நிறப் பட்டு உடுத்தி வந்த விதவைத் தாய் ஒருவரை, நெருங்கிய உறவினரே பின்வரிசைக்குப் போகச் சொன்ன நிகழ்ச்சியை நான் அறிவேன். அந்த அம்மாள் மறுமொழி பேசாமல் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னே போய் அமர்ந்தார். பொட்டை அழிக்கவேண்டுமென்றோ பின்வரிசையில் அமரவேண்டுமென்றோ திருச்சபைச் சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது? எங்கும் இல்லை. அந்தச் சிறுவன் நற்கருணை வாங்கித் திரும்பியபோது, அவனை வளர்த்த பாட்டியின் முகம் முன்வரிசையில் இல்லாமற்போனதே, அந்த இழப்புக்கு யார் பொறுப்பு?

யூதித்து ஒரு விதவை. கணவர் இறந்தபின் 3 ஆண்டும் 4 மாதமும் துக்க உடை தரித்து நோன்பிருந்தவர். தம் மக்களைக் காக்கும் வேளை வந்தபோது நீராடி, நறுமணத் தைலம் பூசி, கூந்தலை வாரி, அணிமணி பூண்டு புறப்பட்டார். அவரை எருசலேமின் மகிமையென்று மக்கள் வாழ்த்தினர். துக்கம் காப்பது அவரவர் அன்பின் உரிமை. விதவைக்கோலம் தமக்கு ஆறுதல் தருகிறதென விரும்பி ஏற்பவரை எவரும் தடுக்கவேண்டாம். ஆனால் ஒருத்தியின்மேல் அதனைச் சுமத்த எவருக்கும் அதிகாரமில்லை.

மகன்மாரே, மருமக்களே, உங்கள் தாய்க்குப் பிறந்தநாள் வந்தால் நல்லதொரு கிரீமும் சீப்பும் வாங்கிக் கொடுங்கள். அவருக்கு ஏற்ற கண்ணாடியும் வெளிச்சமும் வீட்டில் உண்டா என்று பாருங்கள். விரல் நடுங்கும் பாட்டிக்குத் தலைவாரிப் பின்னிவிட 10 நிமிடம் போதும். நினைவு தவறிப் படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் நாள்தோறும் முகந்துடைத்துத் தலைசீவி விடுங்கள். நோயாளியைச் சந்திப்பது இரக்கச் செயல் என்று ஞானோபதேசத்தில் படித்தோமல்லவா? அவருடைய முகத்தைப் பேணுவதும் அதன் பகுதியே.

தாய்மாரே, புனித இராயப்பர் தம் முதல் திருமுகத்தில், வெளிப்புற அணிகலனைவிட உள்ளத்தின் சாந்தமே கடவுள்முன் விலையுயர்ந்தது என்று எழுதினார். இதைச் சொல்லித் தன் மனைவியின் சீப்பைப் பிடுங்கும் கணவன், தொடர்ந்து வரும் வரிகளையும் வாசிக்கட்டும். அங்கே மனைவிக்கு மதிப்பளிக்குமாறு கணவனுக்குக் கட்டளை உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டில் முதுமையைப் பற்றித் தொடர்ந்து மறைக்கல்வி உரைகள் ஆற்றினார். சுருக்கங்களை நீக்கவேண்டாம், அவை வருவதற்கு எத்தனையோ ஆண்டுகள் ஆயின என்று கூறிய இத்தாலிய நடிகை ஒருவரை அவற்றில் ஒன்றில் பாராட்டி நினைவுகூர்ந்தார். பிள்ளைகளுக்காக விழித்த இரவுகளும், அடுப்பின் வெம்மையும், செபமாலையோடு கழிந்த வேளைகளும் உங்கள் முகத்தில் எழுதியிருப்பவற்றை அழிக்க முயலவேண்டாம். அதனைத் தூய்மையாகவும் நலமாகவும் வைத்திருங்கள். வரும் ஞாயிறன்று முகங்கழுவி, தலைவாரி, விரும்பினால் ஒரு பொட்டும் இட்டுக்கொண்டு வாருங்கள்; முன்வரிசையில் அமருங்கள்.