பயம் போன பிறகு ஏறியவர் எவருமில்லை

கம்பத்தில் ஒரு பெண் தலைகீழாகத் தொங்கும் காணொளி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி வரும்போதெல்லாம், ஈப்போவிலும் சரி சுங்கை சிப்புட்டிலும் சரி, நம்மவர் வாயில் வருவது இரண்டே வாக்கியம். "இவளுக்குப் பயமே கிடையாது" என்பது ஒன்று. "அந்தத் தைரியம் பிறவியிலேயே வேணும், நமக்கெல்லாம் ஆகாது" என்பது மற்றொன்று. இப்போதும் அப்படி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே இரண்டு வாக்கியங்களும் கூடவே சுற்றுகின்றன. போல் டான்ஸ் வகுப்பில் சேர ஆசைப்படும் பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் புத்திமதியும் இதுதான்: முதலில் பயத்தை விடு, அப்புறம் ஏறு. இதைவிடத் தலைகீழான அறிவுரை இருக்க முடியாது. உயரத்தைக் கண்டு எழும் பயம் ஏறுவதற்கு முன்பு போகாது. ஏறக் கற்றுக்கொள்ளும்போது, கற்றுக்கொண்ட அளவுக்குத்தான் போகும். கற்றுக்கொடுக்க ஆளில்லாத ஊரில்தான் பயமின்மை பிறவிக் குணம் என்ற பேச்சு செழிக்கிறது.

இந்தப் பேச்சுக்குப் பதில் பேராக் மண்ணிலேயே இருக்கிறது. தோட்டத்துக் கள்ளுக்கடைக்குக் கள் இறக்கிய மரமேறியை நினைத்துப் பாருங்கள். காலில் தளை மாட்டி, இடுப்பில் பாளை அரிவாளும் கலயமும் தொங்க, தென்னையின் உச்சிக்குக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஏறியவர். உச்சியில் மட்டைகளுக்கு நடுவே உடலை நிறுத்தி, பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவி, கலயத்தை மாற்றிக் கட்டிவிட்டு இறங்குவார். மழை பெய்த மறுநாள் மரம் வழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். எந்த மட்டை தாங்கும், எது கழன்று வரும் என்பதும் தெரியும். பயமே இல்லாதவனுக்கு இந்த அறிவு எதற்கு? தளை எதற்கு? இலங்கையின் களுத்துறைக் கரையோரத்தில் கள் இறக்குபவர்கள் மரத்துக்கு மரம் இரட்டைக் கயிறு கட்டியிருப்பார்கள்: கீழ்க்கயிற்றில் கால் வைத்து, மேல்கயிற்றைக் கையால் பிடித்து நடப்பார்கள். அந்த இரண்டாவது கயிறு பயத்தைப் புரிந்துகொண்டவன் கட்டியது. மரமேறி பயத்தை விட்டொழித்தவரல்லர். பயத்துக்குக் கருவி செய்து கொடுத்தவர்.

"அவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது" என்று உடனே ஒரு மறுப்பு வரும். இந்தச் சொல்லை நான் கடுமையாக வெறுக்கிறேன். தலைமுறை தலைமுறையாக ஒரு சாதியின் தோளில் ஏற்றிவைத்த உழைப்பை அவர்களின் உடற்கூறு என்று சொல்வது, கற்ற திறமையைத் திருடிவிட்டு அதற்குப் பிறப்பின் முத்திரை குத்துவது. கேரளத்தில் மரமேற ஆள் கிடைக்காமல் போனபோது தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. கால் வைத்து மிதித்து ஏறும் எளிய இயந்திரத்தைக் கொடுத்து, சில நாள் பயிற்சியில் ஆண்களையும் பெண்களையும் மரத்தில் ஏற்றியது. பாட்டனார் மரமேறியாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கருவி இருந்தது, கற்றுக்கொடுக்க ஆள் இருந்தார், ஏறினார்கள். ரத்தத்தின் கதை அங்கேயே முடிந்துபோனது.

ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. 1960இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் எலினோர் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும், தடித்த கண்ணாடிக்கு அடியில் பள்ளம் தெரியும்படி ஒரு மேசை செய்து குழந்தைகளைத் தவழவிட்டார்கள். தாய் அழைத்தும் பள்ளத்தின் பக்கம் தவழ்ந்து போனவை 36 குழந்தைகளில் மூன்றே. பயம் பிறவிக் குணம் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். பின்னால் வந்த ஜோசப் காம்போஸின் ஆய்வுகள் மிச்சக் கதையைச் சொல்லின. தவழவே தொடங்காத குழந்தையை அந்தப் பள்ளத்தின் மேல் இறக்கினால் அதன் இதயம் பயத்தில் படபடப்பதில்லை. தவழ்ந்து பழகிய பிறகே படபடக்கிறது. நடமாட்டம் கற்றுத்தந்த பயம், மேலும் நடமாடக் கற்றால் தன் அளவுக்கு அடங்கும். ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராண்ட் உயரத்தில் வரும் தலைசுற்றலுக்கும் காரணம் காட்டினார். நிற்கும் உடல் எப்போதும் சற்றே ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்திலுள்ள பொருட்களைப் பார்த்துத்தான் கண் அந்த ஆட்டத்தை அறிந்து திருத்துகிறது. உயரத்தில் பார்வைக்கு அருகில் எதுவும் இல்லாதபோது கண் தடுமாறுகிறது, உடல் கூடுதலாக ஆடுகிறது. தலை சுற்றுபவனைக் கோழை என்று ஏசுவதில் எந்த நியாயமும் இல்லை. கம்பத்தில் இருப்பவருக்கோ பார்வையை நிறுத்தக் கம்பமே கண்ணெதிரே இருக்கிறது. மரமேறிக்கு மரம் இருந்ததைப் போல.

கம்பத்தில் கற்பிக்கும் முறையைப் பார்த்தால் பயம் எப்படிக் கரைகிறது என்பது விளங்கும். நல்ல ஆசிரியர் முதல் நாளே உச்சியைக் காட்டமாட்டார். இரு கையாலும் பிடித்துப் பாதத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கச் சொல்வார். பிறகு தொடைகளுக்கு நடுவே கம்பத்தை இறுக்கி உட்காரும் பிடி. அந்தப் பிடி உறுதியானதும் ஒரு கையை விடுவது, பிறகு இரண்டையும் விடுவது. உலோகக் கம்பத்தைப் பற்றுவது தோல்தான். குட்டைக் கால்சட்டை அணிவதற்குக் காரணமும் அதுவே. தொடையின் உட்புறம், முழங்காலின் மடிப்பு, முழங்கையின் குழி என்று எந்த இடம் எவ்வளவு தாங்கும் என்று உடலுக்குப் பாடம் நடக்கிறது. ஏறுவதற்கு முன்பே இறங்கும் வழியைக் கற்றுக்கொடுக்க வேண்டும். கீழே தடித்த மெத்தை கிடக்க வேண்டும், பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஒருவர் நிற்க வேண்டும். தரைக்கு அரை மீட்டர் உயரத்தில் நூறு முறை தாங்கிய பிடியை நம்பித்தான் உடல் இரண்டு மீட்டருக்குப் போகிறது. இதில் 'தைரியத்தை வரவழைத்துக்கொள்' என்ற கட்டளைக்கு எங்கே இடம்?

"ஆற்றில் தள்ளிவிட்டால் நீச்சல் தானாக வரும்" என்று இன்னொரு சாரார் கிளம்புவார்கள். தள்ளிவிடப்பட்டவர்களில் மூழ்கியவர் வந்து சாட்சி சொல்லமாட்டார் என்பதால்தான் இந்தப் பழமொழி இன்னும் உயிரோடு இருக்கிறது. பயத்தின் உச்சியில் ஒருவரை நிறுத்தி வேடிக்கை பார்த்தால், உயரம் ஆபத்து என்ற பாடம்தான் இன்னும் ஆழமாகப் பதியும். சிலருக்கு இந்தப் பயம் மாடிப்படியைக்கூட மறுக்கும் அளவுக்கு முற்றிய நோயாக இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அவர்களுக்கும் மருந்து அதே படிப்படியான வழிதான். ஆக்ஸ்ஃபர்டின் டேனியல் ஃப்ரீமன் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில் உயரப் பயம் கொண்ட 100 பேர் பங்கேற்றனர். மெய்நிகர்க் கண்ணாடி அணிந்து, கணினி காட்டிய உயரங்களில் சிறிது சிறிதாகப் பழகியவர்களுக்குப் பயம் சராசரியாக 68 விழுக்காடு குறைந்தது. வசவும் இல்லை, வீர வசனமும் இல்லை, பழக்கம் மட்டுமே.

'பயமே இல்லாதவன்' என்ற பட்டம் யாருக்கு லாபம் என்றும் கேட்க வேண்டும். தோட்டத்தில் அது மரமேறிக்குக் கிடைத்த மரியாதைபோலத் தெரியும். ஆனால் ஒருவனுக்குப் பயமில்லை என்று ஊரே சொல்லிவிட்டால், அவனுக்கு நல்ல கயிறு வாங்கித் தர வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை. விழுந்தால் அவன் கவனக்குறைவு. மலேசியாவில் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 1994இல் வந்தது. சட்டம் வந்தும் மனப்பான்மை போகவில்லை. கட்டடச் சாரத்தில் இடுப்புவார் இல்லாமல் நிற்கும் தொழிலாளியைப் பார்த்து "என்ன தைரியம்!" என்று இன்றும் வியக்கிறோம். அந்த வியப்பு முதலாளிக்குச் செலவை மிச்சப்படுத்துகிறது. வாரை மறுப்பவனைப் பாராட்டும் சமூகம், வாரைக் கேட்பவனைக் கோழையாக்கிவிடுகிறது.

அதே மனப்பான்மைதான் பெண்கள் விஷயத்தில் வேறு உடை போட்டு வருகிறது. மல்லர் கம்பம் என்றால் மார்தட்டுவோம். விழுப்புரத்துப் பிள்ளைகள் மரக்கம்பத்தில் செய்யும் வித்தையைப் பார்த்துக் கண்கலங்குவோம். மும்பையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் இக்கலையைக் கற்றுக்கொடுத்த உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்ததைப் பகிர்ந்து மகிழ்வோம். கம்பம் இரும்பானதும், ஏறுபவள் நம் வீட்டுப் பெண்ணானதும், அது கவர்ச்சி ஆகிவிடுகிறது. முழங்கால் மடிப்பின் பிடி இரண்டிலும் ஒன்றே. 2017இல் உலக விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு கம்ப விளையாட்டுக்குப் பார்வையாளர் தகுதி கொடுத்துவிட்டது. நம் மாமாக்களும் சித்தப்பாக்களும் இன்னும் கொடுக்கவில்லை. "விழுந்துடுவே" என்று அவர்கள் காட்டும் அக்கறையில் பாதி, "ஊர் என்ன பேசும்" என்ற கவலை. அந்தக் கவலையைப் பெண்ணின் பயமாக மாற்றி அவள் தலையிலேயே கட்டுகிறார்கள். பிறகு, பெண்களுக்கு உயரம் ஆகாது என்று தீர்ப்பும் சொல்கிறார்கள்.

பேராக்கில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆண்டு விழா மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் நன்கொடை திரட்டத் தெரிந்த நமக்கு, ஒரு மரக்கம்பமும் நான்கு மெத்தைகளும் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரும் எட்டாத செலவல்ல. ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் ஒரு சாண் உயரத்திலிருந்து தொடங்கட்டும். ஓராண்டு பழகிய பிறகு எத்தனை பேருக்குப் பிறவிப் பயம் மிச்சமிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். அதுவரை, கம்பத்தில் தொங்குபவளைப் பார்த்து "பயமில்லையா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "யார் கற்றுக்கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள். மரமேறியிடம் நாம் ஒரு நாளும் கேட்காத கேள்வி அது. கேட்டிருந்தால் அவருடைய தொழில் நுட்பம் ஏடுகளில் ஏறியிருக்கும், அவருக்குக் கயிறும் கூலியும் ஒழுங்காகக் கிடைத்திருக்கும், அவர் பேத்தியிடம் தைரியத்தைப் பற்றி இத்தனை பொய்களைச் சொல்லும் துணிவும் நமக்கு வந்திருக்காது.