காய்ச்சலென்றால் பயணத்தையும் கேளுங்கள்



மலேரியா அற்ற நாடென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. பெரும் சாதனை. ஆனால் மலேரியா நோயாளியைக் கண்டே இராத இளம் வைத்தியர்கள் பலர் இன்று அரச வைத்தியசாலைகளில் இருக்கிறார்கள். காய்ச்சலென்றதும் டெங்குவைத்தான் நினைக்கிறோம். மலேரியா இன்னும் உள்ள ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போய்வந்தீர்களா என்று கேட்க மறந்துவிடுகிறோம். பல்சிபாரம் வகை மலேரியாவில் ஓரிரு நாள் தாமதமே உயிரைப் பறிக்கலாம். வெளிநோயாளர் துண்டிலேயே பயண விவரம் எழுத இடம் வேண்டும். போய்வந்தவரென்றால் அன்றே துரிதப் பரிசோதனை செய்து, இரத்தத்தை நுணுக்குக்காட்டியிலும் பார்க்க வேண்டும். வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி ஈரலில் பதுங்கி மீண்டும் தலைதூக்கும். காய்ச்சல் விட்டதும், அதைத் தடுக்கும் பிரைமாகுயின் மாத்திரையை நோயாளி நிறுத்திவிடாமல் சுகாதாரப் பணியாளர் கண்காணிக்க வேண்டும். மலேரியாவைப் பரப்பும், கிணறுகளில் பெருகும் ஸ்டீபென்சி நுளம்பு 2016இலேயே எங்கள் மன்னாரில் கண்டறியப்பட்டுவிட்டது. தவறவிட்ட ஒரு நோயாளி போதும், இந்த நுளம்பு நோயைப் பரப்ப.

வாசகர் ஒருவர்,
மன்னார்