காத்திருக்கும் இணைப்புகள்

பிழைப்பை நாடி விழிஞ்ஞத்திற்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், கைப்பேசிக் குழு ஒன்றில் சேராத வீடு இன்று அரிது. ஊரில் தாய், வளைகுடா நாட்டில் மைந்தன், இங்கு நாம். மூவரும் ஒரே திண்ணையில் அமர்ந்தாற்போல் உரையாடுகிறோம். கோடிக்கணக்கானோர் ஒரே வேளையில் அமரும் இத்திண்ணை எவ்வாறு தாங்குகிறது என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

முதலில் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். புகைவண்டி நிலையத்தின் பயணச்சீட்டுச் சாளரத்தை நாம் நாள்தோறும் காண்கிறோம். வருபவர் ஊரின் பெயரைச் சொல்வார், பணம் கொடுப்பார், சீட்டைப் பெற்று அகல்வார். இணையத்தில் ஒரு பக்கத்தைப் பார்ப்பதும் பெரும்பாலும் அத்தகையதே. உரையாடல் அவ்வாறன்று. செய்தி எப்பொழுது வரும் என்பதை எவரும் அறியார். ஆகவே, கைப்பேசி சட்டைப்பையில் உறங்கும்போதும், அந்தச் செயலியோ அதன் பொருட்டுக் கைப்பேசியின் அறிவிப்புச் சேவையோ ஓர் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. சாளரத்திற்கு வந்தவர் அகலாது நாள் முழுவதும் நிற்பதைப் போன்றது இது. அவர் பேசுவதோ எப்பொழுதோ ஒரு சொல்.

பழைய முறைகள் இரண்டு. ஒன்று, ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி ஊழியரை அமர்த்துவது. வேலையின்றி இருப்பினும் ஊழியருக்கு மேசையும் நாற்காலியும் வேண்டுமன்றோ? கணிப்பொறியின் நினைவகம் அவ்வாறே தீர்ந்துபோயிற்று. மற்றொன்று, ஒரே ஊழியர் வரிசையின் தலை முதல் கடை வரை நடந்து, “செய்தி உண்டா?” என்று வினவுவது. பதினாயிரம் பேரில் பேச விரும்புவோர் ஐவரேயாயினும், பதினாயிரம் முறை வினவ வேண்டும். ஒரே கணிப்பொறி 10,000 இணைப்புகளை ஏற்பது எங்ஙனம் என்னும் இச்சிக்கலை, 1999-ஆம் ஆண்டில் டான் கெகல் என்னும் பொறியாளர் விரிவாக எழுதி உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார்.

விடை நம் புகைவண்டித் துறைக்குப் புதிதன்று. ஒரு பிரிவின் நிலையங்கள் பலவும் கட்டுப்பாட்டாளர் ஒருவரின் தொலைபேசியோடு இணைந்துள்ளன. அவர் ஒவ்வொரு நிலையத்தையும் ஓயாது அழைத்து வினவுவதில்லை. வண்டி கடந்ததும் நிலைய அதிகாரியே அறிவிக்கிறார். கட்டுப்பாட்டாளர் அதைக் குறித்துக்கொண்டு, வேண்டிய ஆணையைச் சுருங்க உரைத்து, அடுத்த குரலுக்குச் செவி சாய்க்கிறார். ஒருவரிடமே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தால் ஏனையோர் தவிப்பர். கணிப்பொறிக்கும் இதுவே விதியாயிற்று. “யாரிடம் செய்தி உண்டோ அவரை மட்டும் எமக்குக் காட்டுக” என்று கேட்கும் வசதி, 2000-இல் ஃப்ரீ பி.எஸ்.டி. என்னும் இயக்குதளத்திலும், 2002-இல் லினக்ஸிலும் அமைந்தது. மௌனமாய் இருப்போர் ஒரு சிறு குறிப்பேட்டு வரியளவே இடம் கொள்கின்றனர்.

இதன் பயனை வாட்ஸ்அப் உலகிற்குக் காட்டியது. 2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரே கணிப்பொறியில் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கியதாக அந்நிறுவனம் அறிவித்தது. அது கையாண்ட எர்லாங் என்னும் கணிமொழி, சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1986-ஆம் ஆண்டளவில் தொலைபேசி நிலையங்களுக்கெனத் தோன்றியது என்பது ஈண்டு நினையத்தக்கது.

நம்மவர் முயற்சியும் உண்டு. ஸ்ரீதர் வேம்பு தொடங்கிய சோஹோ நிறுவனம் 2021-இல் ‘அரட்டை’ என்னும் செயலியை வெளியிட்டது. 2025 செப்டம்பரில் மூன்றே நாட்களில், புதிதாய்ச் சேர்வோர் தொகை நாளொன்றுக்கு 3,000 என்பதிலிருந்து 3,50,000 ஆக உயர்ந்ததென்றும், அவசரமாகக் கணிப்பொறி வசதிகளைப் பெருக்குவதாகவும் அவர் தெரிவித்தார். விருந்தினர் ஒருவர் பின் ஒருவராய் வந்தால் இலை போடலாம். ஊரே ஒரு வேளையில் பந்திக்கு அமர்ந்தால் அடுப்பும் புதிதாய் மூட்ட வேண்டும்.

நிற்க. மௌனமாய் இருப்பவர் உண்மையில் இருக்கிறாரா, போய்விட்டாரா? தொடர்பு அறுந்தாலும் மறுமுனை உடனே அறியாது. எனவே குறித்த இடைவெளியில், “இருக்கிறீரா?” “இருக்கிறேன்” என்னும் சிறு குறிகள் பரிமாறப்படுகின்றன. விடை வராத இணைப்பு நீக்கப்படும். அறுந்தவர் யாவரும் ஒருசேரத் திரும்பி வருவதும் ஆபத்தே. 2021 அக்டோபர் 4 இரவு, ஒரு பராமரிப்புப் பணியில் நேர்ந்த தவற்றால் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. மீட்டபோது, கூட்டம் ஒரேயடியாய் மோதி மீண்டும் வீழ்ந்துவிடாதிருக்க, சேவைகளைப் படிப்படியாகவே திறந்தனர்.

அவ்விரவில் கடல் கடந்த மக்களின் செய்தி வராது கலங்கிய தாய்மார் எத்தனையோ பேர். அதனினும் கொடியது நம் கரை கண்டது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, விழிஞ்ஞம், பூந்துறை, குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களின் மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கைப்பேசி அலை எட்டாத இடம் அது. கரையில் எத்தனை இலட்சம் இணைப்புகளைத் தாங்கும் பொறி இருந்தென்ன? படகுக்கு ஓர் இணைப்பும் இல்லை. பலர் மீளவில்லை.

ஆதலின் நேயர்கள் மூன்றனை நினைவிற் கொள்க. வாட்ஸ்அப்பில் ஒற்றைக் குறி தோன்றினால், செய்தி நிறுவனத்தின் கணிப்பொறியை அடைந்தது, உற்றாரின் கைப்பேசியை இன்னும் அடையவில்லை என்பதே பொருள். அவர் புறக்கணித்தார் என்று மனம் வருந்தற்க. நோய், விபத்து போன்ற அவசரச் செய்திகளைக் குழுவில் இட்டு அமையாது, தொலைபேசியில் நேரே பேசுக. கடலுக்குச் செல்வோர் வீட்டில் உண்டெனில், கைப்பேசியை நம்பி அனுப்பாது, கம்பியில்லாக் கருவி படகில் உளதா, பழுதின்றி உளதா எனக் கேட்டறிந்த பின்னரே விடை கொடுக்க.