இலவச செயற்கை நுண்ணறிவு: கெடு முடிந்தபின் கட்டணம் யாருடையது?

புது தில்லி: படம் வரைதல், விடியோ தயாரித்தல், கடிதம் எழுதுதல் ஆகியவற்றைச் செய்து தரும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு எனக் கெடு வைத்து இந்தியர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. கெடு முடிந்து அவை கட்டணச் சேவைகளாகும்போது பயனாளருக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்விக்குத் தலைநகரில் ஒரே இடத்தில் பதில் இல்லை. தகவல் தொழில்நுட்பம், நுகர்வோர் நலன், நிறுவன விவகாரம் ஆகிய மூன்று அமைச்சகங்களிடமும் ஆளுக்கொரு துண்டுப் பொறுப்பு உள்ளது. முழுப் பொறுப்பு எவரிடமும் இல்லை.

இந்த இலவசங்கள் எல்லாம் ஏறத்தாழ ஏழு மாத காலத்துக்குள் வந்தவை. 2025 ஜூலையில் ஏர்டெல் நிறுவனம் தனது 36 கோடி வாடிக்கையாளர்களுக்கு, சுமார் 17,000 ரூபாய் மதிப்புள்ள பெர்பிளெக்சிட்டி புரோ சேவையை ஓராண்டுக்கு இலவசமாக அறிவித்தது. ஆகஸ்டில் மாதம் 399 ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகமான 'சாட்ஜிபிடி கோ', மூன்றே மாதங்களில், நவம்பர் 4 முதல் பதிவு செய்வோருக்கு ஓராண்டு இலவசமானது. இடையில் அக்டோபர் 30-ஆம் தேதி கூகுளுடன் கைகோத்த ஜியோ, 35,100 ரூபாய் மதிப்புள்ள ஜெமினி புரோ தொகுப்பை 18 மாதங்களுக்கு வழங்குவதாகக் கூறியது. 2026 ஜனவரியில் ஏர்டெல் மீண்டும் களமிறங்கி, சுவரொட்டி, அழைப்பிதழ், விளம்பரப் படம் தயாரிக்க உதவும் அடோபி எக்ஸ்பிரஸ் பிரீமியத்தை ஓராண்டுக்கு அளித்தது.

நாள்காட்டியில் குறித்துப் பார்த்தால், முதல் கெடு 2026 ஜூலையில் தொடங்குகிறது. அடுத்தது நவம்பர், அதற்கடுத்தது 2027 ஜனவரி. ஜியோ சலுகையை முதல் நாளே பெற்றவர்களுக்கு 2027 ஏப்ரல் இறுதி. கட்டணம் வரும் தேதி இலவசம் அறிவிக்கப்பட்ட நாளிலேயே முடிவாகிவிட்டது. விளம்பரங்களில் மட்டும் அது பெரிய எழுத்தில் இல்லை.

எல்லைக் கிராமத்தின் கணக்கு

கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளை ஒட்டியுள்ள ஒற்றசேகரமங்கலம் போன்ற ஊர்களுக்கு இந்த நாள்காட்டி வெறும் செய்தியல்ல. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தபோது, தமிழர்கள் கோரியும் கேரளத்திலேயே நின்றுவிட்டது நெய்யாற்றின்கரை வட்டம். இரு மொழிகளும் புழங்கும் இப்பகுதியில் திருமண அழைப்பிதழாயினும் கோயில் திருவிழா பிளக்ஸ் பலகையாயினும், இரு மொழியிலும் எழுத வேண்டிய தேவை அடிக்கடி எழுகிறது. ஸ்டூடியோவும் டிடிபி கடையும் வைத்திருப்பவருக்கு, மொழிபெயர்த்து, படம் வரைந்து, எழுத்தும் கோத்துத் தரும் ஓர் இலவசக் கருவி கூலியில்லாத உதவியாளரைப் போன்றது. ஓராண்டு அந்த உதவியாளரை நம்பித் தொழில் நடத்தியவர், பன்னிரண்டாம் மாத முடிவில் அவரை இழக்க விரும்பமாட்டார். நிறுவனங்கள் கணக்குப் போடுவதும் அதை வைத்துத்தான்.

399 ரூபாய் பெரிய தொகையா? 2025-26-இல் கேரளத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் ஒரு நாள் கூலி 369 ரூபாய். அத்திட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு தாய், கல்லூரியில் படிக்கும் மகளின் ஒரு மாதச் சந்தாவைக் கட்ட, ஒரு முழு நாள் கூலியுடன் மேலும் 30 ரூபாய் சேர்க்க வேண்டும். தமிழகத்தில் அதே ஆண்டின் கூலி 336 ரூபாய்.

ஏன் இலவசம் நீடிக்காது?

நிறுவனங்களின் பேராசை மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறுவது பொருந்தாது. வழக்கமான மென்பொருளை ஒருமுறை எழுதிவிட்டால் பத்துப் பேர் பயன்படுத்தினாலும் பத்து லட்சம் பேர் பயன்படுத்தினாலும் கூடுதல் செலவு சொற்பமே. செயற்கை நுண்ணறிவு அப்படியல்ல. ஒவ்வொரு படத்துக்கும் எங்கோ ஒரு தரவு மையத்தில் விலையுயர்ந்த சில்லுகள் ஓட வேண்டும். மின்சாரம் எரிய வேண்டும். 2025 மார்ச்சில் ஜப்பானின் கிப்லி பாணிப் படங்களாகத் தங்கள் புகைப்படங்களை மாற்றும் மோகம் உலகெங்கும் பரவியபோது, தங்கள் சில்லுகள் உருகுவதாகச் சொல்லி ஓபன் ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேன் வரம்பு விதித்தார். மாதம் 200 டாலர் சந்தாவிலும் நஷ்டமே ஏற்படுவதாக அவரே அந்த ஆண்டு ஜனவரியில் ஒப்புக்கொண்டிருந்தார்.

முன்னுதாரணங்களும் உண்டு. அதே நிறுவனத்தின் 'டாலி' படக் கருவி 2022 ஜூலையில், 115 வாய்ப்புகளுக்கு 15 டாலர் எனக் கட்டணம் வைத்தது; மாதந்தோறும் சில வாய்ப்புகளை மட்டும் இலவசமாக விட்டது. மிட்ஜர்னி 2023 மார்ச்சில் இலவசச் சோதனையையே நிறுத்தியது. 2024-இல் கேன்வா நிறுவனம், புதிய செயற்கை நுண்ணறிவு வசதிகளைக் காரணம் காட்டி, ஐந்து பேர் குழுவுக்கு ஆண்டுக்கு 120 டாலராக இருந்த சந்தாவை 500 டாலராக உயர்த்த முற்பட்டது. பழைய வாடிக்கையாளர்களின் எதிர்ப்பால் அவர்களுக்கு மட்டும் பின்வாங்கியது. கட்டணம் வாங்காவிட்டால் விளம்பரம் வரும் என்பதற்கும் சான்று கிடைத்துவிட்டது. சாட்ஜிபிடியின் இலவசப் பிரிவிலும் 'கோ' பிரிவிலும் விளம்பரங்களைச் சோதிக்கும் முயற்சி 2026 பிப்ரவரியில் அமெரிக்காவில் தொடங்கியது.

தமிழில் கேட்போருக்கு இதில் கூடுதல் சுமை ஒன்று உண்டு. இக்கருவிகள் எழுத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, துண்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டே செலவைக் கணக்கிடுகின்றன. ஓபன் ஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட எடுத்துக்காட்டின்படி, ஒரே செய்தி ஆங்கிலத்தில் 27 துண்டுகளாகவும், தமிழில் 116 துண்டுகளாகவும் இருந்து வந்தது. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35 எனக் குறைந்தது. இடைவெளி பெரிதும் சுருங்கியது உண்மையே, ஆனால் மறையவில்லை. பயன்பாட்டு அளவுக்கேற்பக் கட்டணம் என்ற முறை வலுப்பெற்றால், தமிழர் ஒரே வேலைக்குக் கூடுதலாகக் கொடுக்க நேரிடும். இது குறித்து நாடாளுமன்றத்தில் தமிழக உறுப்பினர்கள் குரல் எழுப்ப வேண்டியது அவசியம்.

ஜியோ கற்பித்த பாடம்

இந்தியாவுக்கு இது புதிய காட்சியல்ல. 2016 செப்டம்பர் 5-இல் இலவச இணையத்துடன் களமிறங்கிய ஜியோ, முதலில் டிசம்பர் வரையிலும், பிறகு 2017 மார்ச் 31 வரையிலும் இலவசத்தை நீட்டித்தது. அதற்கு எதிராக ஏர்டெல் இந்தியப் போட்டி ஆணையத்தை அணுகியது. சந்தையில் புதிதாக நுழைந்த ஜியோவுக்கு ஆதிக்க நிலை இல்லை. எனவே செலவுக்குக் குறைவாக விற்று எதிரிகளை வீழ்த்துவதாகக் கூற இயலாது என்று 2017 ஜூனில் ஆணையம் புகாரைத் தள்ளியது. போட்டிச் சட்டம் 2002-இன் நான்காம் பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டுள்ளது. ஆதிக்கம் பெற்ற பிறகு செய்தால் குற்றம். ஆதிக்கம் பெறுவதற்காகச் செய்தால் குற்றமில்லை.

பிறகு நடந்தது அனைவரும் அறிந்ததே. ஏர்செல் திவாலானது. அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் செல்பேசிச் சேவையை மூடியது. வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டில் இணைந்தன. எஞ்சிய தனியார் நிறுவனங்கள் 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை எனச் சில நாள் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தின. இவ்வளவுக்குப் பிறகும் இந்தியாவில் இணையக் கட்டணம் உலக அளவில் குறைவே என்பதையும் மறுக்க முடியாது. ஏழைகள் கைக்கு இணையம் வந்ததும் அந்த இலவசத்தால்தான். ஆயினும் விலையை நிர்ணயிக்கும் இடத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது அந்த ஏழு மாதங்களுக்குப் பின் மாறிப் போனது.

அன்று புகார் சொன்னவரும் சொல்லப்பட்டவரும் இன்று ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. இம்முறை இடம் இழக்கக்கூடியவை சர்வம் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள். உலகின் பெருநிறுவனம் 18 மாதம் சும்மா தரும் பொருளை, இங்குள்ள புது நிறுவனம் எந்த விலைக்கு விற்கும்? பெரு இணைய நிறுவனங்களை முன்கூட்டியே கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் தேவை என்று நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2022 டிசம்பரிலேயே பரிந்துரைத்தது. 2024 மார்ச்சில் மின்னணுப் போட்டி மசோதாவின் வரைவும் வெளியானது. அது சட்டமாகவில்லை. செயற்கை நுண்ணறிவுச் சந்தை பற்றிப் போட்டி ஆணையம் 2025 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வறிக்கை, நிறுவனங்கள் தம்மைத் தாமே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்பதை முக்கியப் பரிந்துரையாக முன்வைத்தது.

அட்டை எண் எதற்கு?

பயனாளருக்கு உடனடியாகக் கைகொடுக்கக்கூடியது நுகர்வோர் சட்டமே. 2023 நவம்பர் 30-இல் அறிவிக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள், இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளைத் தடை செய்தன. இலவசத்தைக் காட்டிக் கட்டண விவரம் பெறுவதும், சந்தாவை ரத்து செய்யும் வழியைச் சிக்கலாக்குவதும் அதில் 'சந்தாப் பொறி' என்ற தலைப்பின்கீழ் வருகின்றன. சாட்ஜிபிடி கோ சலுகைக்குப் பதிவு செய்தபோதே கட்டண அட்டை அல்லது யுபிஐ விவரம் கேட்கப்பட்டது. அடோபி சலுகைக்கு அட்டை வேண்டாம் என்று அறிவிக்கப்பட்டது. ஒரே சந்தையில் இருவகை நடைமுறை நிலவுகிறது.

ரிசர்வ் வங்கி விதிப்படி, தானியங்கிக் கழிவுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும். ஆனால் முதல் அனுமதிக்குப் பின், 15,000 ரூபாய் வரையிலான கழிவுகளுக்கு ஒவ்வொரு முறையும் ரகசிய எண் தேவையில்லை. ஓராண்டுக்கு முன் அளித்த அனுமதியை நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? ஒரு நாள் முன்னதாக வரும் ஆங்கிலக் குறுஞ்செய்தி போதுமா என்பதை நுகர்வோர் விவகாரத் துறை பரிசீலிக்கலாம். கெடு முடிய ஒரு மாதம் முன்பு, பயனாளரின் மொழியில் அறிவிப்பு, புதிதாக ஒப்புதல், சேர்த்துவைத்த படங்களை எடுத்துச் செல்ல அவகாசம் ஆகியவற்றுக்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. இருக்கும் நெறிகளுக்கு ஒரு விளக்கக் குறிப்பு போதும்.

கேரளம் தேர்ந்த வழி

ஒற்றசேகரமங்கலத்தில் அரசுப் பாடத்திட்டத்தில் படிக்கும் மாணவருக்கு ஒரு நற்பேறு உண்டு. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மேன் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது திருவனந்தபுரத்தில்தான். அதே ஆண்டு தொடங்கிய ஐ.டி.@ஸ்கூல் திட்டமும், அதன் வழிவந்த 'கைட்' நிறுவனமும் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றின. படம் வரைய ஜிம்ப், இங்க்ஸ்கேப், அசைபடத்துக்கு பிளெண்டர் எனப் பழகிய மாணவருக்குச் சந்தா பற்றிய கவலை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்பதை இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துப் பார்த்தது அம்மாநிலம். 2024-இல் 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி அறிவித்ததுடன், ஏழாம் வகுப்புப் பாடநூலிலும் அதைச் சேர்த்தது.

எல்லைக்கு இப்பால், 2026 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பெர்பிளெக்சிட்டி புரோ ஆறு மாதங்களுக்கு இலவசமாகவும் இருந்தது. மடிக்கணினி பல ஆண்டுகள் உழைக்கும். ஆறு மாதத்துக்குப் பின் அதற்குள் இருக்கும் சேவைக்கு யார் பணம் கட்டுவது?

ஆனால் கேரளத்தின் வழி அப்படியே இங்கு பலிக்காது. ஜிம்ப் பள்ளிக் கணினியிலேயே ஓடும். பெரிய செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு மையம் வேண்டும். அந்த இடத்தில் மத்திய அரசின் பங்கு தொடங்குகிறது. 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற இந்தியா ஏஐ இயக்கம், 38,000 சில்லுகளை மணிக்கு சுமார் 65 ரூபாய் என்ற சலுகை விலையில் ஆய்வாளர்களுக்கும் புது நிறுவனங்களுக்கும் அளிக்க முன்வந்தது. எனினும் 2025-26-இல் 2,000 கோடியாக இருந்த அதன் ஒதுக்கீடு, 2026-27 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடியாகக் குறைந்தது.

அதே அறிக்கையில்தான், 15,000 உயர்நிலைப் பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் அசைபடம், விளையாட்டு, காட்சிக்கலை படைப்பாளர் ஆய்வகங்களை மும்பை இந்தியப் படைப்புத் தொழில்நுட்பக் கழகத்தின் துணையுடன் அமைப்பதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். ஆய்வகங்களில் எந்த மென்பொருள் இருக்கும், அதன் சந்தாவை இரண்டாம் ஆண்டு யார் செலுத்துவார், கட்டற்ற கருவிகளுக்கு முன்னுரிமை உண்டா என்ற விவரங்கள் உரையில் இல்லை. ஒரு நிறுவனம் முதல் ஆண்டு இலவசமாகத் தருவதாகக் கூறி ஒப்பந்தம் பெற்றால், 15,000 பள்ளிகளின் மாணவர்களும் அதே கருவியில் பழகிவிடுவார்கள். அதன்பின் விலை பேசும் வலிமை அரசிடம் இருக்காது.

ஒற்றசேகரமங்கலம் அடங்கிய பாறசாலை சட்டப்பேரவைத் தொகுதி, திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதிக்கு உட்பட்டது. அங்கிருந்து 2024-இல் நான்காம் முறையாகத் தேர்வான சசி தரூர், 2019 முதல் 2022 வரை தகவல் தொழில்நுட்ப நிலைக்குழுவின் தலைவராக இருந்தவர். இந்தக் கேள்விகளை அவர் எழுப்பினாலும் தமிழக உறுப்பினர்கள் எழுப்பினாலும், ஆய்வகங்களுக்கான கொள்முதல் விதிகள் இறுதியாவதற்கு முன் எழுப்பினால்தான் பயன்.