குஞ்சுக்குச் சொட்டு மருந்து: நம் கடையிலேயே விடுவோம்

தீவனத்தோடு கோழிக்குஞ்சும் விற்கும் நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டார வணிகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். தாய்க்கோழி வழியாகக் குஞ்சுக்கு வந்த எதிர்ப்புச் சக்தி சில வாரங்களில் கரைந்துவிடும். 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடாவிட்டால், வெள்ளைக்கழிச்சல் வந்து கூண்டே காலியாகிவிடும்.

மருந்து தூரத்தில் இல்லை. பெங்களூர் சாலையில் உள்ள இராணிப்பேட்டையில், 1932-இல் தொடங்கிய அரசு நிலையமே தயாரிக்கிறது. சிக்கல் அளவில்தான். சின்னக் குப்பியே 100 குஞ்சுக்கு வரும். கரைத்தால் இரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். பத்துக் குஞ்சு வாங்கும் தொழிலாளி குடும்பம் அதை உடைக்குமா?

ஆகவே நாமே பதினைந்து நாள் வைத்திருந்து, கால்நடை மருந்தகத்தார் யோசனைப்படி மொத்தமாகச் சொட்டு விட்டு, பிறகு விற்போம். தீவனச் செலவை விலையில் சேர்ப்பதில் தவறில்லை. நான்காம் வாரம் மறு சொட்டு உண்டென்று வாங்குவோரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். மருந்தை மட்டும் கூல்டிரிங்க்ஸ் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வாங்கி வந்து அன்றே முடித்துவிடுங்கள்.