வீட்டுக் கணினி யாருடையது?

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக அறிவித்தது, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் செயலியாக இருந்தால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, பிள்ளைகளின் வீட்டுப் படிப்புக்காகக் கையிலிருந்த ரிங்கிட்டுக்குக் கிடைத்த பழைய மடிக்கணினியை வாங்கிய குடும்பங்கள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உண்டு. அந்தக் கணினிகளில் பல இந்தத் தேர்வில் தேறாது. தூக்கிப்போட மனம் வராதவர்கள் லினக்ஸ் மிண்டையோ உபுண்டுவையோ நாடுகிறார்கள். நல்ல முடிவு. அதற்கு அடுத்த வாரம் நடப்பதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

நிறுவுவதில் இப்போது பெரிய சிரமமில்லை. ஒரு பென் டிரைவும் அரை மணி நேரப் பொறுமையும் போதும். கல்யாணப் படங்களும் எஸ்.பி.எம். தேர்வுக் குறிப்புகளும் இருக்கும் பழைய வட்டைச் செருகும்போதுதான் தகராறு. படம் திறக்கிறது, ஆனால் புதிதாக எதையும் சேமிக்க முடியவில்லை. திரையில் ‘பர்மிஷன் டினைட்’ என்று வரும், அல்லது ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வரும். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் விவரம் தெரிந்த தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கும் தீர்வு பெரும்பாலும் ஒன்றுதான்: நிர்வாகியின் அதிகாரம் தரும் சூடோ போட்டு, உரிமைகளை மாற்றும் சிஎச்மாட் -ஆர் 777.

அந்த எண்ணின் கணக்கு எளியது. லினக்ஸில் ஒவ்வொரு கோப்பும் மூன்று தரப்பைப் பார்க்கிறது: உரிமையாளர், குழு, மற்றவர்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. ஆக 777 என்பது எல்லாரும் எல்லாமும் செய்யலாம் என்ற உத்தரவு. சாதாரணக் கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755 என்பதே வழக்கம். ‘-ஆர்’ சேர்த்தால் உள்ளே உள்ள அத்தனைக்கும் அதே உத்தரவு போகும். இதை அவசரத்தில், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மூலக் கோப்புறையிலேயே கொடுத்துவிட்டால், சூடோ நிரலுக்கு உயிரான செட்யுஐடி என்ற சிறப்பு அடையாளம் அழிந்துவிடும். அதன் பிறகு சூடோவே வேலை செய்யாது. போட்ட உத்தரவைத் திரும்பப் பெறும் வழியையும் அதே உத்தரவு அடைத்துவிடுகிறது. அந்த செட்யுஐடிக்கு பெல் ஆய்வுக்கூடத்தின் டென்னிஸ் ரிட்சி 1973-இல் காப்புரிமை கோரினார், 1979-இல் கிடைத்தது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட இடத்தில் பிறந்த ஏற்பாடு அது. கூடத்தில் ஒரு கணினியை நால்வர் மாறிமாறித் தட்டும் நம் தாமான் வீட்டுக்கும் அது பொருந்தும்.

இன்னொரு வேடிக்கை, விண்டோஸ் வட்டில் 777 பெரும்பாலும் எடுபடுவதே இல்லை. என்டிஎஃப்எஸ் வட்டில் யாருக்கு என்ன உரிமை என்பது வட்டை ஏற்றும்போதே, அதாவது லினக்ஸோடு இணைக்கும்போதே, முடிவாகிவிடுகிறது. கட்டளை முணுமுணுக்காமல் முடியும், நிலைமை அப்படியே இருக்கும். உண்மையான காரணம் பல நேரம் விண்டோஸ் பக்கத்தில் கிடக்கிறது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இருந்தால், ‘ஷட் டவுன்’ அழுத்திய பிறகும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் வட்டில் எழுதினால் கோப்புகள் சிதையும் என்பதால் லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் ஏற்றும், சில சமயம் ஏற்றவே மறுக்கும். விண்டோஸுக்குத் திரும்பிப் போய் அந்த வசதியை நிறுத்திவிட்டு முழுதாக அணைத்தால் வேலை முடிந்தது. கல்யாணப் படங்களைக் காப்பாற்றியது அந்த மறுப்புதான். அதைக் கோளாறு என்று திட்டுகிறோம்.

லினக்ஸுக்கே உரிய இஎக்ஸ்டி4 வட்டில் கதை வேறு. அங்கே உரிமையாளரின் பெயர் பதிவாவதில்லை, எண்தான் பதிவாகிறது. வீட்டில் முதலில் கணக்குத் தொடங்கியவர் பெரும்பாலும் 1000, அடுத்தவர் 1001. அண்ணனின் கணினியில் 1001 ஆக இருந்த தங்கை தன் புதுக் கணினியில் 1000 ஆகிறாள். வட்டைக் கொண்டுவந்து செருகினால் அவள் கோப்புகளே அவளை அந்நியளாகப் பார்க்கும். இதற்குத் தேவை சிஎச்ஓன், அதாவது உரிமையாளரை மாற்றுவது. இங்கே 777 போட்டால் கோப்பு திறக்கும், ஆனால் உரிமை அந்தப் பழைய எண்ணிடமே இருக்கும்.

கோப்புறையின் ‘இயக்கும்’ உரிமைதான் பலரைக் குழப்புவது. கோப்புறையை இயக்குவதாவது? அதற்குள் நுழைவது என்று கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவில் 12-ஆம் மாடி வீட்டின் சாவி கையில் இருந்தாலும், கீழே லிஃப்டுக்கான அட்டை இல்லாவிட்டால் மேலே போக முடியாது. கோப்புக்கு எல்லா உரிமையும் கொடுத்துவிட்டு, மேலே உள்ள ஒரு கோப்புறை தடுப்பதைக் கவனிக்காமல் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. உபுண்டு 21.04 முதல் புதிய கணக்கின் வீட்டுக் கோப்புறை 750 ஆகத்தான் உருவாகிறது. அதற்கு முன் 755. முன்பு அப்பாவின் கோப்புறையை மகன் எட்டிப்பார்க்க முடிந்தது, இப்போது முடியாது. என்னைக் கேட்டால், காலம் கடந்து வந்த நல்ல மாற்றம்.

இவ்வளவும் தெரியாமல் இருப்பது மக்களின் குற்றமா? இந்த நாட்டில் அரசு 2004-லேயே பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. 2010-இல் தொடங்கி வசதி குறைந்த குடும்பங்களுக்கு நெட்புக் வழங்கப்பட்டது. 1பெஸ்தாரிநெட் என்ற பள்ளி இணையத் திட்டத்தின் காலத்தில் பள்ளிகளுக்குக் குரோம்புக் வந்தது. அதன் அடியில் ஓடியது லினக்ஸ்தான். எல்லாத் திட்டங்களும் எத்தனை கருவி கொடுத்தோம் என்றே பேசின. கொடுத்த கருவிக்குள் யார் எஜமான் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை.

தமிழ்க் கணிமையிலும் இதே இடைவெளி. முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை 1985-இல் உருவாக்கியது இந்த மண்ணில். உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமத்தின் தமிழ் இணைய மாநாடு 2001-இலும் 2013-இலும் கோலாலம்பூரில் கூடியது. எழுத்துரு, விசைப்பலகை, குறியாக்கம் ஆகியவற்றுக்கு அந்தத் தலைமுறை உழைத்த உழைப்பால்தான் இன்று லினக்ஸின் உள்ளீட்டு வசதியான ஐபஸில் எம்17என் பொதியைச் சேர்த்ததும் தமிழ்99 விசைப்பலகையில் தட்ட முடிகிறது. ஆனால் எழுதிய கோப்பை எங்கே வைப்பது, யாருக்குத் திறப்பது, திறக்காவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது? மலேசியத் தமிழ்ப் பெற்றோர் கையில் எடுத்துப் புரட்டும்படி இவற்றைத் தமிழில் சொல்லும் கையேடு என் கண்ணில் படவில்லை. எழுத்து வந்துவிட்டது, பராமரிப்பு வரவில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். கட்டளைகளை மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்பாக இருக்க வேண்டாம். மூன்று கேள்விகள் போதும்: நான் யார், இந்தக் கோப்பு யாருடையது, இந்த வட்டு எப்படி ஏற்றப்பட்டிருக்கிறது? முதலாவதற்கு ‘ஐடி’ என்ற கட்டளை, இரண்டாவதற்கு ‘எல்எஸ் -எல்’, மூன்றாவதற்கு, பின்னால் எதுவும் சேர்க்காமல், ‘மவுண்ட்’. இந்த மூன்றும் எதையும் மாற்றாதவை, பார்த்துச் சொல்பவை மட்டுமே. ஆகவே பத்து வயதுப் பிள்ளையும் பயமின்றித் தட்டலாம்.

‘எங்கள் வீட்டில் ஒளிவுமறைவில்லை, ஒரே கணக்கு போதும்’ என்பவர்களும் உண்டு. சரி, ஆனால் ஏழு வயதுப் பேரனின் கையில் அப்பாவின் வருமான வரிக் கோப்பும் இருக்க வேண்டுமா? ஆளுக்கொரு கணக்கு, எல்லாரும் சேர்ந்த ஒரு குழு, அந்தக் குழுவுக்குச் சொந்தமான ஒரு பொதுக் கோப்புறை, அதற்கு 2775. முன்னால் நிற்கும் 2, உள்ளே புதிதாக உருவாகும் கோப்புகளும் அதே குழுவுக்குச் சேரும்படி பார்த்துக்கொள்ளும். குழுவில் சேர்த்ததும் ஒருமுறை வெளியேறி மறுபடி நுழைய வேண்டும்; இதை மறந்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று மறுபடி 777-க்குத் தாவுவதுதான் நடக்கிறது.

ஏற்கெனவே மூலக் கோப்புறையில் 777 போட்டுவிட்டவர்கள் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய முயல வேண்டாம். பென் டிரைவிலிருந்து இயக்கி, படங்களையும் ஆவணங்களையும் வேறு வட்டுக்கு நகலெடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே குறைந்த நேரம் பிடிக்கும். அப்போது ‘ஹோம்’ பகுதியைத் தனிப் பிரிவாக வைத்தால், அடுத்த முறை நிறுவும்போது அதைத் தொட வேண்டியிராது.