குருதிக்குறியும் தலையெழுத்தும்

மனிதன் தனக்கு நேரவிருப்பதை முன்னரே அறிந்துகொள்ள விரும்புதல் இன்று நேற்றுத் தோன்றிய இயல்பன்று. கையின் கோடுகளையும் வானத்துக் கோள்களையும் சுவரிலுள்ள பல்லியின் ஒலியையும் நோக்கி அவன் நெடுங்காலமாக வினவி வந்த வினாவை இக்காலத்தில் ஒரு துளிக் குருதியை நோக்கி வினவுகின்றான். முன்னவை அளித்த விடைகளினும் பின்னது அளிக்கும் விடை மிகவும் நம்பத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும், நம்பத்தக்க விடையையும் பழைய பழக்கத்தால் பிழைபடப் படித்தல் கூடும். வாதநோய்களைப் பற்றி மரபணு ஆராய்ச்சியும் குருதி ஆராய்ச்சியும் நமக்குக் கூறுவன யாவை, அவற்றை எங்ஙனம் படித்தல் வேண்டும் என்பனவே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இத்துறையில் என்ன வேலை என விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகைக்கலாம். சோதனைச்சாலையிற் புதியன காண்டல் அவர்தம் தொழில். கண்டதனை எச்சொல்லால் வழங்குவது என ஆராய்தல் எம் தொழில். இப்பொருளில் ஒரு சொல் பிறழுமாயின் ஒரு குடும்பத்தின் வாழ்வே பிறழ்தல் கூடும்; ஆதலின் யாம் வாளாவிருத்தல் தகாது.

முதற்கண் நோயின் இயல்பைச் சிறிது கூறுவாம். நம் உடலில் நோயெதிர்ப்பாற்றல் என்னும் காவற்படை ஒன்று உளது. புறத்திருந்து புகும் கிருமிகளை அறிந்து அழித்தல் அதன் கடமை. அக்காவற்படையே வீட்டாரைப் பகைவர் எனக் கருதித் தாக்குமாயின், அதனால் விளையும் நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பர். முடக்குவாதம் அவற்றுள் ஒன்று. விடியற்காலையில் விரல்கள் மடங்கமாட்டா, மணிக்கட்டு வீங்கும், ஒரு செம்பு நீரைத் தூக்குதலும் அரிதாம். தக்க மருத்துவம் இன்றேல், நாளடைவில் மூட்டுக்களின் எலும்பும் அரிக்கப்பட்டுக் கைகால்கள் கோணும். உலகில் ஆயிரவருள் ஏறத்தாழ ஐவர் முதல் பதின்மர்க்கு இந்நோய் உளது என்பர்; ஆடவரினும் பெண்டிர்க்கு இஃது இருமடங்கு மும்மடங்கு மிகுதி.

இத்தகைய நோய்களின் குறியைக் குருதியிலே தேடும் முயற்சி ஒரு தந்தையிடத்தும், அவற்றின் வேரைக் குலவழியிலே தேடும் முயற்சி அத்தந்தையின் மகனிடத்தும் சிறப்புற்றமை வியக்கத்தக்கது. இலண்டன் மாநகரில் மருத்துவராயிருந்த ஆல்பிரடு பேரிங் காரடு என்பவர் 1848-ஆம் ஆண்டில், கவுட் என்னும் மூட்டுநோய் உடையாரின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருத்தலைக் காட்டினார். அக்குருதிநீரில் சிறிது அசெட்டிக் அமிலம் கலந்து ஒரு நூலிழையை இட்டு வைப்பின், யூரிக் அமிலம் படிகமாகி அந்நூலிற் படியும். ஒரு நூலிழையே நோய்க்குச் சான்றாயிற்று. முடக்குவாதத்திற்கு மேனாட்டார் இன்று வழங்கும் பெயரை 1859-இல் இட்டவரும் இவரே. இவர் மகன் ஆர்ச்சிபால்டு காரடு, 1902-இல், சிறுநீர் கருநிறமாக மாறும் அல்காப்டனூரியா என்னும் அரிய நிலையை ஆராய்ந்து, அது மெண்டல் கண்ட பரம்பரை நெறியை ஒட்டி வருவது என விளக்கினார். அந்நிலை உடையார்க்கு முதுமையில் மூட்டுக்களும் முதுகெலும்பும் கெடுவதுண்டு. தந்தையார் கண்ட குறியிலேயே நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உளது. குருதியில் யூரிக் அமிலம் மிகுந்தும் கவுட் நோயைக் காணாமலே வாழ்ந்து முடிப்போர் மிகப் பலராவர்.

பின்னர் 1940-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர் எரிக் வாலர் என்பார், முடக்குவாதம் உடையாரின் குருதிநீர், பதப்படுத்திய செம்மறியாட்டுக் குருதியணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்தலைக் கண்டார். 1948-இல் அமெரிக்காவில் ரோஸ் என்பவரும் அவர்தம் துணைவரும் இதனையே கண்டனர். குருதியிலுள்ள ஓர் எதிர்ப்பொருளே இதற்குக் காரணம். இதனை ருமட்டாயிடு காரணி என வழங்குகின்றனர். ஆயின், நோயாளருள் நூற்றுக்கு இருபது முப்பதின்மரிடம் இஃது இல்லை; நோயற்ற முதியோர் சிலரிடத்தும், காசநோய், தொழுநோய் முதலிய வேறு பிணியுடையார் சிலரிடத்தும் இஃது உண்டு.

இதனினும் கூரிய குறி ஒன்று 1998-ஆம் ஆண்டில் நெதர்லாந்து அறிஞரால் வெளியிடப்பட்டது. புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்னும் கூறு சில வேளைகளில் சிட்ரலின் என்னும் கூறாக மாறும். தர்ப்பூசணியின் இலத்தீன் பெயரினின்று பிறந்த பெயர் இது. இங்ஙனம் மாறிய புரதங்களைப் பகையெனக் கொள்ளும் எதிர்ப்பொருள்கள் முடக்குவாதம் உடையார் பலரிடம் உள. பிறரிடம் அவை அரிய. 2004-இல் வெளிவந்த ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சி ஒன்று இன்னும் வியப்புடையது. முன்னாளில் குருதிக்கொடை அளித்துப் பின்னாளில் இந்நோய் எய்திய 79 பேரின் பழைய குருதியைச் சேமிப்பினின்றும் எடுத்து ஆராய்ந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேரிடம், நோய் தோன்றுவதற்குப் பன்முறை சில ஆண்டுகளுக்கு முன்பே இக்குறிகள் காணப்பட்டன. கையில் நோவில்லை, வீக்கமில்லை, குருதியோ முன்னரே பேசத் தொடங்கிவிட்டது.

இனி மரபணுவின் செய்தியைக் காண்பாம். முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று இறுகி நிமிரவும் குனியவும் இயலாதாக்கும் வாதநோய் ஒன்று உளது. பெரும்பாலும் இளைஞரையே அது பற்றும். 1973-இல் இலண்டனில் பிரூவர்டன் என்பாரும் அவர்தம் துணைவரும் அந்நோயாளர் 75 பேரை ஆராய்ந்தபோது, 72 பேரிடம் எச்.எல்.ஏ. பி 27 என்னும் மரபுக்குறி இருந்தது. நோயற்ற 75 பேருள் மூவரிடமே இருந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்க அறிஞரும் இதனை ஒத்த முடிபை வெளியிட்டனர். இவ்வெண்களைக் கேட்ட அளவில், அக்குறி உடையார் அனைவரும் நோயுறுதல் திண்ணம் என எண்ணத் தோன்றும். உண்மையோ வேறு. அக்குறியைப் பெற்றுப் பிறந்தோருள் நூற்றுக்கு ஒரு சிலரே அந்நோயை எய்துகின்றனர்; ஏனையோர் அதனைச் சுமந்தவாறே நலமாக வாழ்கின்றனர். நோயாளருட் பெரும்பாலார்க்குக் குறி உண்டு என்பதும், குறியுடையாருட் பெரும்பாலார் நோயாளர் என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வதே இத்துறையில் நிகழும் பிழைகளுள் தலையாயது.

முடக்குவாதத்திற்கும் இஃது ஒக்கும். உருவொத்த இரட்டையர் ஒரே மரபுச் செல்வத்தை உடையவர். 1993-இல் பிரிட்டனில் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, அத்தகைய இரட்டையருள் ஒருவர்க்கு முடக்குவாதம் இருப்பின் மற்றவர்க்கும் அது காணப்படுவது நூற்றுக்குப் பதினைந்து அளவே. உருவொவ்வா இரட்டையரிடத்து அது நூற்றுக்கு நான்கினும் குறைவு. ஆகவே குலவழி ஒரு பங்கு உடையது என்பதும் மெய். அது முற்றும் ஆள்வதன்று என்பதும் மெய். 2014-இல் ஐரோப்பிய ஆசிய மரபினர் நூறாயிரவர்க்கு மேற்பட்டாரை ஆராய்ந்த அறிஞர், இந்நோயொடு தொடர்புடைய மரபுவழி இடங்கள் 101 எனக் கணக்கிட்டனர். நூற்றொரு சிறு கைகள் சேர்ந்து தள்ளுவதனை ஒரே கையின் செயல் எனல் பொருந்தாது. சுவீடன் நாட்டு அறிஞர் 2006-இல் வெளியிட்டது மற்றொன்று. நோய்க்குச் சார்பான மரபணுவை இருபாலும் பெற்று, அதனோடு புகைபிடிக்கும் வழக்கமும் உடையார்க்கு, அவ்விரண்டும் இல்லாரை நோக்கச் சிட்ரலின் எதிர்ப்பொருளோடு கூடிய முடக்குவாதம் 21 மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. மரபணுவை மாற்ற ஒருவராலும் இயலாது. புகைச்சுருட்டைக் கீழே எறிய யாவர்க்கும் இயலும்.

இவையெல்லாம் கூறியது எற்றுக்கெனின், நம் நாட்டு வழக்கில் 'தலையெழுத்து' என்னும் சொல் ஒன்று ஆழ வேரூன்றியுள்ளது. மரபணு என்னும் புதிய சொல் அப்பழைய சொல்லின் இருக்கையில் ஏறி அமர்ந்துகொள்ளுமோ என்பதே எம் அச்சம். "அது அவள் இரத்தத்திலேயே இருக்கிறது" என ஒருவர் கூறின், கேட்போர் அதனை வாய்ப்பு எனக் கொள்ளார். விதி என்றே கொள்வர். பெண்கேட்டு வருவோர் சாதகத்தோடு சோதனைத் தாளையும் கேட்கும் நாள் வாராதென்று யார் உறுதி கூறவல்லார்? பெண்டிரையே மிகுதியாகப் பற்றும் ஒரு நோயின் குறி, நோய் தோன்றாத நிலையிலேயே ஒரு நங்கையின் திருமணத்தைத் தடுக்குமாயின், அவளுக்குத் தீங்கு செய்தது நோயன்று. பிழைபடப் படித்த கண்ணே. இதற்கு மறுதலையான தீங்கும் உண்டு. மூட்டு வீங்கி நோவால் வருந்தும் ஒருத்தியின் குருதியில் குறி இல்லை எனத் தாள் கூறிவிட்டால், "உனக்கு ஒன்றுமில்லை" என வீட்டார் அவளை வேலைக்கு ஏவுவர். குறியில்லாத முடக்குவாதமும் முடக்குவாதமே என்பதை மேலே காட்டினோம்.

அங்ஙனமாயின் இச்சோதனைகளை விட்டொழிப்பதே நன்று என்பார் கூற்றையும் யாம் உடன்படோம். முடக்குவாதம் தொடங்கிய சின்னாட்களிலேயே மருத்துவம் தொடங்குவார் மூட்டுக்கள் பெரிதும் காக்கப்படுகின்றன. காலம் தாழ்த்தியபின் அரித்த எலும்பு மீண்டும் வளர்வதரிது. நோயை விரைந்து துணிதற்கு இக்குறிகள் மருத்துவர்க்குப் பெருந்துணை. இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் நடந்து 2024-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், மூட்டுநோவும் குருதிக்குறியும் இருந்தும் மூட்டுவீக்கம் தோன்றாத 213 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு அபடசெப்டு என்னும் மருந்தை ஓராண்டு அளித்தனர். ஆண்டிறுதியில் மருந்து பெற்றாருள் நூற்றுக்கு அறுவரும், பெறாதாருள் நூற்றுக்கு இருபத்தொன்பதின்மரும் நோயுற்றனர். இரண்டாண்டு முடிவில் அவ்வெண்கள் முறையே இருபத்தைந்தும் முப்பத்தேழுமாயின. நோயைத் தள்ளிவைத்தல் கூடும் என்னும் நம்பிக்கையை இது தருகின்றது. அதனோடு, மருந்தே பெறாதாருள்ளும் நூற்றுக்கு அறுபத்து மூவர் இரண்டாண்டளவும் அந்நோய் எய்திலர் என்பதையும் அவ்வெண்களே கூறுகின்றன. மாற்றக்கூடியதனைத் தலையெழுத்து எனல் எங்ஙனம் பொருந்தும்?

ஆதலின் யாம் வேண்டுவன சில. நோய்க்குறி ஒன்றும் இல்லாதார், அறியும் ஆவலொன்றே காரணமாக இச்சோதனைகளை நாடுதல் வேண்டா. மருத்துவர் தக்க காரணங் கண்டு கூறியவழி அஞ்சாது செய்துகொள்க. முடிவைக் கூறும் மருத்துவர், 'உண்டு', 'இல்லை' என்னும் அளவில் நிறுத்தாது, இக்குறியுடையார் நூற்றுவருள் எத்துணையர் நோயுறுவர், எத்துணையர் நலமாயிருப்பர் என நோயாளியின் தாய்மொழியிலே எண்ணிட்டு விளக்குக. ஒரு நாட்டாரிடம் எடுத்த எண்ணை மற்றொரு நாட்டார்க்கு அவ்வாறே பொருத்துதலும் தவறு. முடக்குவாதத்திற்குச் சார்பானதென 2004-இல் கண்ட பி.டி.பி.என். 22 என்னும் மரபணுவின் மாறுபாடு ஐரோப்பியர் பலரிடம் உண்டு. ஜப்பானியரிடமோ அஃது இல்லையென்றே சொல்லலாம். சோதனைத் தாள் அவரவர்க்கே உரிய மறைபொருள் என்பதும் காக்கப்படுதல் வேண்டும். அமெரிக்காவில் 2008-இல் இயற்றிய சட்டம் ஒன்று, மரபணுச் செய்தியைக் கொண்டு வேலை மறுத்தலையும் உடல்நலக் காப்பீட்டில் வேற்றுமை காட்டலையும் தடுக்கின்றது. ஆயுள் காப்பீட்டை அச்சட்டமும் தொடவில்லை. சட்டம் புகாத இடத்தை மக்களின் நல்லறிவே காத்தல் வேண்டும்.

சொல்லைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். மேடையிலும் ஏட்டிலும் இப்பொருளை எழுதும் நண்பர்கள், மரபணுவின் மாறுபாட்டைக் 'குறை' என்றும் 'பழுது' என்றும் எழுதாதிருப்பாராக. 'சார்பு' என்னும் சொல் இதற்கு அமையும். குருதியிற் காண்பதனைக் 'குறி' என்க, 'தீர்ப்பு' என்னற்க. குறி என்பது சான்றுரைக்கும் ஒருவனைப் போன்றது. சான்று ஒன்றே கேட்டுத் தீர்ப்புரைக்கும் நடுவனை நாம் மதிப்பதில்லை.

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என்னும் நால்வகைப் பகுதியுடையது என வள்ளுவர் வகுத்தனர். அந்நான்கனுள் மூன்று மக்களாயிருத்தலை நோக்குக. புதிய குருதிச்சோதனைகள் எத்துணைக் கூர்மை எய்தினும் அம்மூவருக்கும் அவை கருவியாக நிற்குமேயன்றி, அவர்தம் இடத்தைப் பெறமாட்டா. இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் நம்முட் சிலர் நாளை மருத்துவராவர், சிலர் ஆசிரியராவர், யாவரும் ஒரு குடும்பத்தின் உறுப்பினராவோம். ஒரு சோதனைத் தாள் நம் கையில் வந்து சேரும் அந்நாளில், அதனிடத்துள்ள எண்ணை மட்டும் படியாது, அவ்வெண்ணுக்கு உரியாரின் முகத்தையும் நோக்கிப் பேசுவோமாக.